ஹஜ்ஜுக்குப் போகாத பெட்டி

செஞ்சி பஸ் நிலையத்தில் உச்சி வெயில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாய், பெட்டியில் 'ஹஜ் பயணம்' என்று பெயிண்டில் எழுதிய பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைக்கிறார். விமானம் ரத்து என்று ஏஜெண்ட் கைவிரித்துவிட, பம்பாயிலிருந்தே திரும்பி வந்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

"விடாதீங்க பாய். புதுசா நுகர்வோர் சட்டம் வந்திருக்கு. கேஸ் போட்டா நஷ்டஈடும் கிடைக்கும்."

"போடறேன் சார். ஆனா ஹஜ்ஜுக்குக் கெளம்பறப்போ, எங்க வழக்கப்படி வீடு வீடாப் போயி மன்னிப்பு கேட்டுட்டேனே! வருஷக்கணக்கா பேசாத தம்பிகிட்டகூட. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கினு தெருவுல நுழையறது?"

யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, அவர் ஜாடையிலேயே ஒருவர் சைக்கிளில் வந்து இறங்குகிறார். பெட்டியைத் தூக்கி, எழுத்து வெளியே தெரியும்படி கேரியரில் கட்டுகிறார்.

"வாண்ணே. பிளேனுதான கேன்சலு. நாம பேசுனது கேன்சலு இல்லியே."