காலில் சேறு, நிறம் தெரியவில்லை

உள்ளறையில் இரும்புப் பெட்டி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. முன்னறையில் உட்கார்ந்திருந்த மூவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

“நகைப் பெட்டின்னு நினைச்சுடாதீங்க சார்,” என்றாள் நாத்தனார். “அண்ணியோட சொத்தெல்லாம் பறவைக் கணக்கு எழுதின நோட்டுதான். கல்யாணப் புடவை பரண் மேல கிடக்கு. நோட்டு மட்டும் கட்டிலுக்கு அடியில, கைக்கெட்டுற தூரத்துல.”

வந்திருந்தவர் சிரித்தார். பளிச்சென்று மஞ்சள் சட்டை, மடியில் ஒரு ஃபைல். அந்த வட்டாரத்தில் யார் எந்தப் பறவையைப் பார்த்ததாகச் சொன்னாலும், நேரில் விசாரித்து, நிச்சயமானால் மட்டும் பட்டியலில் ஏற்றுகிற சங்கத்தின் செயலாளர் அவர். எதிரே வீட்டுக்காரரான பஸ் டிரைவர் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தார். எந்தச் சந்திலும் பஸ்ஸை அலுங்காமல் திருப்புகிற கைகள் இன்று ஓரிடத்தில் நிற்கவில்லை.

காரணம் ஒரு கடிதம். ஊர்க் கழிவுநீர்க் குளத்தில் பச்சைக்கால் கொசு உள்ளான் ஒன்றை அவர் மனைவி பார்த்ததாகப் போன மாதம் சங்கத்துக்குக் கடிதம் போயிருந்தது. பட்டியலில் இதுவரை இல்லாத பறவை. செயலாளர் தலையாட்டிவிட்டால், முதலில் பார்த்தவர் என்று அவள் பெயர் ஏறிவிடும். நாத்தனார் அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கடிதம் போன விஷயமே அந்த மனைவிக்கு மட்டும் இன்று காலையில்தான் தெரியும்.

அவள் நோட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தாள். நெஞ்சுவரை அடுக்கியிருந்தாள்.

வேலையிடத்தில் அவளுக்கு ‘உள்ளான் அக்கா’ என்று பெயர். தினமும் காலை ஆறு மணிக்கு, நீளக் கழியில் பாட்டிலைக் கட்டி, நான்கு கழிவுநீர்க் குளங்களிலும் தண்ணீர் மொண்டு ஆய்வுக்கூடத்தில் கொடுக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அதுதான் வேலை. சேர்ந்த புதிதில், கரையில் ஓடிய ஒன்றைக் காட்டி மேலாளர் “அது என்னம்மா?” என்று கேட்டார். “குருவி சார்” என்றாள். “சரிதான், ஆடும் எருமையும்கூட உனக்கு ஒண்ணுதான் போல!” அவர் சிரித்தார். கூட நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மறுநாளே ஒரு நோட்டு வாங்கினாள்.

பெயர் தெரியாததால், பறவை செய்வதை எழுதினாள். நிற்கும்போதெல்லாம் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருந்ததற்கு ‘ஆட்டக்காரி’. கொஞ்ச தூரம் ஓடி, பிரேக் போட்டது போல நின்று, மறுபடி ஓடியதற்கு ‘பஸ்காரர்’. பிறகு ஒரு புத்தகம் கிடைத்தபோதுதான் ஆட்டக்காரி உள்ளான் என்றும் பஸ்காரர் உப்புக்கொத்தி என்றும் தெரிந்தது. ஆட்டக்காரியை அடித்துவிட்டு உள்ளான் என்று எழுதினாள். பஸ்காரரை மட்டும் அவள் இன்றுவரை மாற்றவில்லை. காரணம் கேட்டால் முகம் சிவக்கும்.

அந்த அசல் பஸ்காரர் லேசுப்பட்டவர் இல்லை. “என் பொண்டாட்டிக்கு ரெண்டு வீடு. ஒண்ணு இங்க, இன்னொண்ணு சாக்கடைக் கரையில,” என்று டெப்போவில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்த பழைய பைனாகுலரைத் தேடி வாங்கிவந்து, “இந்தா, ஒரு கண்ணாலயாவது பாரு” என்று கையில் திணித்தவரும் அவர்தான்.

செயலாளர் ஃபைலைத் திறந்தார். “சாதாரணக் கொசு உள்ளானும் இதுவும் உருவத்துல ஒண்ணுபோல இருக்கும். அதுக்குக் கறுப்புக் கால், இதுக்குப் பச்சை கலந்த மஞ்சள். உங்களுக்கே தெரியும். கால் என்ன நிறம்னு மட்டும் சொல்லுங்கம்மா, போதும்.”

ஒரே ஒரு வார்த்தை! பத்தொன்பது வருஷ ஏளனத்துக்கும் அந்த ஒரு வார்த்தை பதில் சொல்லிவிடும். நாத்தனார் அவள் முழங்கையை இடித்து, “மஞ்சள்னு சொல்லுங்க அண்ணி,” என்று கிசுகிசுத்தாள்.

அவள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். கணவரின் கையெழுத்து. ‘பச்சைக்கால் கொசு உள்ளான், ஒன்று, நாலாம் குளம்.’ அவ்வளவுதான். தன் நோட்டைப் பிரித்து, அந்தத் தேதியில் விரல் வைத்து உரக்கப் படித்தாள்.

“பச்சைக்கால் கொசு உள்ளானாக இருக்கலாம், ஒன்று. காலில் சேறு, நிறம் தெரியவில்லை.”

“தெரியலையா?”

“இல்ல சார். சேத்துல நின்னா எல்லாக் காலும் கறுப்புத்தான். முதுகு கோடில்லாம வெறும் மண் நிறமா இருந்துச்சு, அதான் சந்தேகம். பறந்தா வால் ஓரம் வெள்ளை தெரியுதான்னு பார்க்க நின்னேன். அது பறக்கல. கையில பாட்டில், லேப்ல காத்திருப்பாங்க. வந்துட்டேன்.”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான்தான் சார் ‘இருக்கலாம்’ங்கறதையும் அந்த ரெண்டாவது வரியையும் விட்டுட்டேன். இத்தனை வருஷமா எழுதறா. ஒரே ஒரு பறவையாவது அவ பேர்ல இருக்கட்டுமேன்னு…”

அவள் கண்கள் நிறைந்தன. ஆனால் குரல் நிமிர்ந்தே இருந்தது. “தெரியலன்னு எழுதினதும் நான்தானேங்க? அதை ஏன் மறைச்சீங்க?”

செயலாளர் நோட்டை வாங்கினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், வேறொரு வருஷத்து நோட்டு. ‘கொசு உள்ளான் 42. இன்னும் எட்டு, தூரம், தெரியவில்லை.’ ‘உள்ளான் 6. மழை, மற்றவை தெரியவில்லை.’ அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்த ஒரு பறவையை நான் ஏத்த முடியாதும்மா.”

“ஏத்தாதீங்க சார்.”

“ஆனா இந்தப் பத்தொன்பது வருஷத்தையும் ஏத்தப்போறேன், ஒரு வரி விடாம. எனக்கு வர்ற கடிதத்துல எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரியலன்னு எழுதின நோட்டை இன்னிக்குத்தான் பார்க்கறேன். இதை எழுதினவங்க 42ன்னு சொன்னா, அது 42தான்.”

நாத்தனாருக்கு முழுதாகப் புரியவில்லை. “அப்போ பேர் வருமா சார்?”

“ஒவ்வொரு பக்கத்துலயும் வரும்.” அவர் பேனாவை எடுத்தார். “பார்த்தவர் தொழில்?”

“பறவை ஆராய்ச்சின்னு போடுங்க சார்!” என்றார் டிரைவர் அவசரமாக.

“நீங்க சும்மா இருங்க, ஒரு தடவை எழுதினது போதும்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “குளத்துல தண்ணி மொண்டு வர்றதுன்னு போடுங்க சார். அங்க போனதாலதான் பார்த்தேன்.”

அவர் அப்படியே எழுதினார். செருப்பை மாட்டிக்கொண்டே, “நாளைக்கு நானும் நாலாம் குளத்துக்கு வரலாமா?” என்று கேட்டார்.

“ஆறு மணிக்கு வாங்க. ஆனா இந்த மஞ்சள் சட்டையோட வேண்டாம் சார். ஒண்ணும் நிக்காது, எல்லாம் பறந்துடும்.”

செயலாளர் சட்டையைக் குனிந்து பார்த்து, சிரித்தபடியே படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நிமிர்ந்து நின்றாள். பிறகு டிரைவர் வந்து கதவைச் சாத்தினார்.