பச்சைத்திரைக்குக் குறுக்கே விழுந்த கை

கடப்பாரை இறங்கியபோது பேச்சிராஜா அண்ணன் கையை எடுக்கவில்லை. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

சங்கரன்கோவிலில் விசைத்தறிகளுக்குச் சாய நூல் கொடுக்கும் கிடங்கில் எங்கள் இருவருக்கும் வேலை. அண்ணன் அங்கே மூட்டை தூக்க வந்தவர். பிளஸ் டூ பெயில். பத்தொன்பது வருடம் முன்பு முதலாளி நாறும்பூநாதன் வாங்கிப்போட்ட கறுப்புக் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டியே பழகினார். ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல் ஒரு லாட்; எந்தச் சாய லாட் எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதை முழுதும் அதில் ஏற்றினார். லாட் மாறினால் நிறம் மாறிச் சேலையில் பட்டை விழும். தறிக்காரன் அடிக்க வருவான். அந்த மெஷின் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. நின்றதும் இல்லை.

அதுவே அதற்கு வினையாயிற்று. பழுதானால்தானே கம்பெனி ஆள் வருவான்? ஒருத்தனும் வராததால், செய்த கம்பெனியே செத்துப்போனது என்று எல்லோரும் நம்பினார்கள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி வாங்கியவன் நான். அதன் திரையில் ஓடும் பச்சை எழுத்தைப் பார்த்து நானும் சிரித்தவன்தான். இதே வகை மெஷின் இன்றும் புதிதாக வருகிறது, பெரிய வங்கிகளில் ஓடுகிறது என்பது நெட்டில் தேடியபிறகே தெரிந்தது. விற்கிறவர்கள் எங்கள் பக்கம் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டியதில்லை. அண்ணனும் அதைப் பற்றிப் பெருமை பேசியதில்லை. முதலாளி கேட்டால், “அது பாட்டுக்கு ஓடுது அண்ணாச்சி” என்பதோடு சரி.

முதலாளி மகன் விக்னேஷ்வரன் கலர் கலரான புது சாப்ட்வேர் வாங்கினார். பழையதைக் காயலான் கடைக்குப் பேசிவிட்டார். முதல் திங்கட்கிழமையே புதுசு உறைந்து நின்றது. கடையநல்லூர் தறிக்காரர் சேக் மைதீன் வண்டியோடு காத்திருந்தார்.

“என்ன வே, திரையில சக்கரம் சுத்துது, நூலு வரமாட்டேங்குது?”

அண்ணன் பச்சைத்திரையில் தட்டிப் பார்த்து, “நாலாவது அடுக்கு, இடது பக்கம்” என்றார்.

“உம்ம கிழட்டுப் பெட்டியே தேவலை வே!”

கூட்டம் சிரித்தது. விக்னேஷ்வரன் அண்ணனை ஓங்கி அறைந்தார். “நீதாம்ல எதையோ புடுங்கி விட்டிருக்க!”

“நான் தொடவே இல்ல தம்பி.”

நூல் பேல்களைப் பிரிக்கிற கடப்பாரையை விக்னேஷ்வரன் எடுத்துவிட்டார். முதல் அடியில் திரை தெறித்து அண்ணன் நெற்றி கிழிந்தது. அடுத்த அடியைக் கறுப்புப் பெட்டி மேல் ஓங்கினார். அண்ணன் பாய்ந்து அதைக் கட்டிக்கொண்டார். வலது கை அப்போது போனதுதான். மறுபடி ஓங்கியவரை இடது கையால் சட்டையோடு பிடித்துச் சுவரில் மோதினார். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. நானும் சேக் மைதீனும் சேர்ந்துதான் பிரித்தோம்.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஓடி வந்தார்.

“படியில விழுந்தேன்னு சொல்லிருடே. போலீசு கீலீசு வேண்டாம். என்ன வேணும்னாலும் கேளு.”

“அந்தப் பெட்டி மேல இனி ஒருத்தரும் கை வைக்கப்படாது. எழுதிக் குடுங்க.”

“ஏலே, கை போய்க் கெடக்கு. இரும்புக்கா பேசுத?”

“பத்தொம்பது வருசத்துல ஒரு வண்டி திரும்பி வந்திருக்கா அண்ணாச்சி? ஒரு சேலையில பட்டை விழுந்திருக்கா? சொல்லுங்க.”

முதலாளி லெட்டர்பேடில் எழுதினார். அண்ணன் அதை என்னிடம் நீட்டி, “படிச்சவன் நீ, ஒருக்க வாசி” என்றார்.

வாசித்துவிட்டுக் கேட்டேன். “சின்ன முதலாளி கையெழுத்து இல்லையே?”

மூக்கில் பஞ்சோடு வாசலில் நின்ற மகனைப் பார்த்து முதலாளி சத்தம் போட்டார். “ஏல, வந்து போடு!”