அப்பா வைத்த பூசை

நான் எடுக்காத முடிவு ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பூசை தொடங்குமுன் அது யாருக்காக என்று மைக்கில் வாசிப்பது வழக்கம். "வெளிநாட்டில் விமானிப் பயிற்சிக்கு இடம் கிடைத்ததற்கு நன்றியாக, நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் மகளுக்காக ஒப்புக்கொடுக்கும் திருப்பலி" என்று, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வாசித்தார். பக்கத்திலிருந்த அப்பாவைப் பார்த்தேன். அவர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் கிடைத்தது உண்மைதான். மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டேன், தென்னாப்பிரிக்காவில் ஒரு பயிற்சிப் பள்ளி வரச்சொல்லியிருந்தது. வருகிறேன் என்று நான்தான் இன்னும் சொல்லவில்லை. அம்மா இறந்துவிட்டாள். அண்ணன் கனடாவில் குடியேறிவிட்டான். சாந்தோம் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். தேனாம்பேட்டை அலுவலகத்திலிருந்து நான் திரும்பும்வரை அவர் டி.வி.யை ஓடவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். நானும் போய்விட்டால்? இங்கேயே பயிற்சி எடுக்கலாம். ஆனால் விமானத்துக்கும் வானிலைக்கும் காத்துக் காத்து வருடக்கணக்கில் இழுக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் பயமுறுத்தினார்கள்.

யாரிடம் கேட்பது? தோழி, "போயிடு மச்சி, யோசிக்காத" என்றாள். அண்ணன், "உன் இஷ்டம்" என்றான். அப்பாவும் அதையேதான் சொன்னார். உன் இஷ்டம், உன் இஷ்டம்! கேட்கக் கேட்க எரிச்சல் வந்தது. ஆளாளுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை. அம்மா இறந்தபோதுகூட வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கைகுலுக்கக் கூட்டம் கூடிவிட்டது. சின்ன வயதில் எனக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்த டீச்சர் கட்டிப்பிடித்து அழுதேவிட்டார். அப்பா எல்லோருக்கும் சிரித்துத் தலையாட்டினார். பிறகு மீன் வாங்கப் பட்டினப்பாக்கம் போனோம். செய்தி எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னா வாத்யாரே, பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டப் போவுதாமே! சொல்லவே இல்ல?" என்றார் மீன்காரம்மா.

"ஆமாம்மா" என்றார் அப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் எப்பப்பா போறேன்னு சொன்னேன்? நன்றிப் பூசை வைக்கிற அளவுக்கு என்னை அனுப்ப அவசரமா?"

"நன்றிக்கு வைக்கலம்மா. மகளுக்கு வெளிநாட்டுல பைலட் படிக்க இடம் கிடைச்சிருக்கு, அவளுக்காக ஒரு பூசைன்னுதான் உபதேசியார்கிட்ட சொன்னேன். அவரே நன்றின்னு படிச்சிட்டார்."

உபதேசியாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் பங்கில் வெளிநாடு என்றாலே விசாவுக்கு வேண்டுதல், விசா வந்துவிட்டால் நன்றி. அண்ணனுக்கு இரண்டும் வைத்தோம். பிள்ளை போகக்கூடாது என்று யாரும் பூசை வைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

"அப்ப நீங்க என்ன வேண்டிக்கிட்டீங்க?"

அவர் மீனைக் கழுவ ஆரம்பித்தார். நான் விடவில்லை, இன்னொரு முறை கேட்டேன்.

"நீ போகாம இருக்கணும்னு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

யாராவது என்னை இரு என்று சொல்லமாட்டார்களா என்றுதான் இத்தனை நாளும் ஏங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"அப்ப இருக்கேன்பா."

குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "வேணாம்மா. நான் மனசுக்குள்ள கேட்டது அது. கோயில்ல அத்தனை பேரும் முழங்கால் போட்டு உனக்காக வேண்டினது வேற. ஆண்டவர் அவங்களைக் கேட்பாரா, என்னைக் கேட்பாரா? போயிட்டு வா."

உலகத்தில் என்னை இரு என்று சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைத் தனியாக விட்டுவிட்டு வருவதாக, அன்று மாலை அந்தப் பள்ளிக்குப் பதில் அனுப்பினேன்.