வீடு எப்படி என்று கேட்டால்

இந்த நாட்டில் குளியலறைத் தரைக்கும் சூடு வேண்டும். போன மாதம் பக்கத்து மேசை இங்கர், மத்தியானச் சாப்பாடு முழுக்க அதையே புலம்பினாள். தரை போதிய அளவு சுடவில்லையாம், காலையில் கால் குளிருதாம். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் கொட்டினேன், வேறென்ன செய்வது?

ஒஸ்லோவில் எங்கள் அலுவலகத்தின் வேலை, பல நாட்டு மக்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டுத் திரட்டிய பதில்களை வைத்து வீட்டு நிலைமைகளை ஒப்பிடுவது. இம்முறை இலங்கையிலிருந்து எங்கள் கிளிநொச்சியும் அதில் இருந்தது. "உங்கள் வீடு உங்களுக்குத் திருப்தியா?" என்ற கேள்விக்கு எங்கள் சனம் நோர்வேக்காரரைவிட அதிகமாக ஆம் சொல்லியிருந்தது. அங்கே கூரை திருத்த உதவி அவசரமில்லை என்று இங்கர் அறிக்கையில் எழுதிவிட்டாள். உதவி கொடுப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

கிளிநொச்சி ஸ்கந்தபுரத்தில் என் தங்கச்சியின் வீட்டுக் கூரை மாரி முழுக்க ஒழுகும். நனையாத மூலை தேடிக் கட்டிலை இழுத்துக்கொண்டு திரிவாள். அவளைத் தொலைபேசியில் அழைத்து, கேள்வி கேட்க யாரும் வந்தார்களா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, ஒரு பிள்ளை வந்தவா. கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி குடுத்தனான். வீடு எப்பிடி எண்டு கேட்டவா. நல்லம் எண்டு சொன்னனான்."

"ஒழுகிறதைச் சொல்லேல்லையோ?"

"வெயிலுக்கை நடந்து வந்த பிள்ளையிட்டை எங்கடை கஷ்டத்தையே கொட்டுறது? தறப்பாளுக்கை கிடந்தனாங்கள் அக்கா. இது நல்லம்தானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டையில் இடம்பெயர்ந்து கிடந்த தறப்பாள் கூடாரத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கொட்டிலும் மாளிகைதான். எங்கள் ஊரில் வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்ல மாட்டார்கள், அது மரியாதை, திருப்தி அல்ல என்று இங்கரிடம் விளக்கினேன்.

"அப்படியானால் பொய் சொல்கிறார்களா?" என்றாள்.

"பொய்யில்லை..."

"பொய்யில்லை என்றால் அதுதான் பதில்" என்று திரும்பிக்கொண்டாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அறிக்கை அப்படியே போய்விட்டது. தங்கச்சியின் கூரைக்கு இனி ஒருவரும் வரப்போவதில்லை.

நேற்று அதே கணக்கெடுப்பின் புதிய நோர்வேச் சுற்றுக்காக என் கதவையும் ஒரு பெண் தட்டினாள். நான் இருப்பது நிலக்கீழ் வீடு. யன்னலால் தெருவில் போகிறவர்களின் கால்கள் தெரியும், படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் கறுத்துக் கிடக்கும். வீட்டுக்காரனுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வந்தவளின் தலைமயிரில் பனி அப்பியிருந்தது, கை விறைத்துச் சிவந்திருந்தது. உள்ளே கூப்பிட்டு இருத்தி, சுடச்சுடத் தேநீர் கொடுத்தேன்.

"உங்கள் வீடு உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டாள்.

"ஆம், நல்ல வீடு" என்றேன்.

நன்றி சொல்லி, அதை நோர்வேயின் கணக்கில் பதிந்துகொண்டாள்.