மாடிப் பார்க்கிங்கில் பழகிய மலை

இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு சைக்கிளில் போனவர்கள் மூன்று பேர்: நான், என்னோடு வேலை பார்க்கும் அண்ணன், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி. வராதவள் அவர்களுடைய மகள். மலையில் சிக்னல் கிடைக்காது என்று தெரிந்ததும், "ஐ'ம் அவுட்" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "சைக்கிள் மிதிக்க வேண்டாம்னுதானே கண்ணு உன்னையப் படிக்க வெச்சோம்?" என்றார்.

நாங்கள் வசிக்கும், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் மேடு என்று ஒன்று கிடையாது. அதனால் ஞாயிறு காலைகளில், அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனையின் காலியான மாடிப் பார்க்கிங்கில் நானும் அக்காவும் சைக்கிளில் ஏறி ஏறி இறங்கினோம். அண்ணன் காபியோடு கீழே நிற்பார். அங்கேதான் அக்கா சொன்னார், மலையில் துணைக்குப் பின்னால் வரும் வேனில் ஓரிடத்தில்கூட ஏறப்போவதில்லை என்று. "நான் எதை ஆரம்பிச்சாலும் யாராவது வந்து வாங்கி முடிச்சு வெச்சுடறாங்க தம்பி. இதை நானே முடிக்கணும்."

மலையில் முதல் நாளே மானம் போனது. பார்க்கிங்கில் ஒவ்வொரு மாடிக்கும் கொஞ்சம் சமதளம் உண்டு; இங்கே வளைவு தாண்டினால் மறுபடியும் ஏற்றம்தான். அங்கே எப்போதும் இடப்பக்கமே திரும்பிப் பழகியதால், வலப்பக்க வளைவு வந்தாலே நானும் அக்காவும் காலை ஊன்றினோம். "லெஃப்ட்ல மட்டும் திரும்பற மலையா பாத்து புக் பண்ணிருக்கலாம்" என்றார் அண்ணன். மறுநாள் மதியமே அவர் வேனுக்கு மாறி, ஜன்னலிலிருந்து எங்களுக்கு வர்ணனை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு கிராமத்தில் பட்டாணி பறித்துக்கொண்டிருந்த பெண்கள், வேனில்தான் இடம் இருக்கிறதே, பிறகு ஏன் இந்தப் பெண் மிதிக்கிறாள் என்று டிரைவரிடம் விசாரித்தார்கள். இவ்வளவு பழகியதை வீணாக்க மனம் வரவில்லை என்று அக்கா சொல்லச் சொன்னார். அவர்கள் சிரித்து, அவர் சட்டைப் பை நிறையப் பட்டாணி போட்டு அனுப்பினார்கள்.

கணவாய்க்கு ஏறிய அன்று எதிர்க்காற்று. அக்கா இறங்கி சைக்கிளைத் தள்ளினார். டிரைவர் கதவைத் திறந்து காத்திருந்தார். மீதியை நாளைக்கு கன்டினியூ பண்ணிக்கொள்ளலாம் என்று அண்ணன் கெஞ்சினார். நான் பின்னால் போய் சீட்டில் கை வைத்தேன்.

"தள்ளாத தம்பி. நீ தள்ளினா அது உன்னோடது ஆயிடும்."

கையை எடுத்துவிட்டேன். கொஞ்ச தூரம் நடந்தார், ஏறி மிதித்தார், மறுபடி நடந்தார். உச்சியில் பௌத்தப் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கும் இடத்துக்கு மிதித்துக்கொண்டேதான் வந்து சேர்ந்தார். அண்ணன் வேனிலிருந்து இறங்கி வந்தார். "வாடகை சைக்கிள்தானே, திருப்பிக் குடுக்கணும் இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குடுக்க மாட்டேன்" என்றார் அக்கா.

விலைக்குக் கேட்டதும் வாடகைக் கடைக்காரருக்கே வியப்பு. பெயின்ட் உரிந்த அந்த சைக்கிளைப் பெட்டியில் கட்டி, பஸ்ஸிலும் விமானத்திலும் ஏற்றி, ஹூஸ்டன் வரை கொண்டுவந்தோம். இங்கேயே புதிதாக வாங்கியிருக்கலாமே என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். அண்ணன் சைக்கிள் விலை, பெட்டி, விமானக் கட்டண ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தார். தொள்ளாயிரத்து அறுபது டாலர்.