எனக்கு வெள்ளை, அவளுக்கு மஞ்சள்

எங்கள் வீட்டில் ஒரு முட்டையை இரண்டு பேர் சாப்பிட்டோம். வெள்ளை எனக்கு, மஞ்சள் என் மனைவிக்கு. எனக்கு நெஞ்சு அடைத்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்ததிலிருந்து இந்தப் பங்கீடு. டொக்டர் எனக்கு வேண்டாம் என்று சொன்ன எல்லாம் அவளுடைய தட்டுக்குப் போனது. இறால் தலை, மீன் சினை, ஆட்டிறைச்சிக் கொழுப்பு, தேங்காய் முதற்பால் விட்ட சொதி.

"காசு குடுத்து வாங்கினதை எறியிறதோ?" என்பாள். முட்டை விலை ஏறிய பிறகு நானே மஞ்சளைப் பிரித்து அவளுடைய தட்டில் வைத்தேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்டென்டுக்குக் காத்திருந்தால் ஆள் மிஞ்சாது என்று பயந்து தனியாரிடம் போனோம். அவளுடைய தாலிக்கொடி அதற்குப் போனது. அதற்குப் பிறகு மஞ்சள் கயிற்றோடுதான் திரிந்தாள். வெள்ளவத்தைச் சந்தையில் தெரிந்த பெண்கள் கழுத்தைப் பார்த்தால், "என்ர கொடியை இவர் நெஞ்சுக்குள்ள போட்டுக்கொண்டு திரியிறார்" என்று என்னைக் காட்டுவாள். அவர்கள் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். உள்ளே எரியும்.

கொழுப்பைக் குறைக்கும் குளிசையை உயிர் உள்ளவரை போட வேண்டும். கிளினிக்கில் சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது. நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடம் குளிசையும் இல்லாமல் போனது. "வெளியில வாங்குங்கோ" என்று துண்டு எழுதித் தந்தார்கள். வெள்ளவத்தை காலி வீதி பாமசியில் மாதத்துக்கு ஒரு விலை. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் என்ன என்று அவளிடம் கேட்டேன்.

"என்ர கொடியில கறள் பிடிக்க விடப்போறீங்களோ?" என்றாள்.

அதன் பிறகு அவள் பிளவுஸ் தைத்த காசு நேரே பாமசிக்குப் போனது. ஒருநாள்கூட என் குளிசை தவறவில்லை. என் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைத் திகதி வாரியாக ஒரு ஃபைலில் அடுக்கி வைத்ததும் அவள்தான்.

இனிச் சொல்லப்போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஒருமுறை எனக்கு இரத்தம் எடுத்து முடிந்ததும், லாப்பில் இருந்த பிள்ளை என் மனைவியைக் காட்டி, "அம்மாக்கும் ஒருக்கா பாப்பமோ?" என்று கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்தேன்.

"எனக்கென்ன, நான் கல்லுமாதிரி இருக்கிறன்" என்றாள் அவள்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. சீ, அந்த ஆறுதல். இன்றைக்கும் அதை நினைத்தால் என் முகத்தில் நானே துப்பவேண்டும் போலிருக்கிறது.

எங்களுடைய வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கொஞ்சக் காலமாக அவள் இரண்டாம் மாடிப் படியில் பையை வைத்துவிட்டு இருந்து இளைப்பாறுவாள். கேட்டால் காஸ் என்பாள், இஞ்சி அவித்துக் குடிப்பாள். இடது தோள் வலித்தால் தையல் மெஷின் மிதித்த நோ. தோள் வலி என்றால் என்னவென்று எங்கள் ஒழுங்கையிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததும் அதே வலிதான். ஆனால் நோயாளி நான் ஒருவன்தான் என்பது எங்கள் இருவருக்கும் பழகிப்போயிருந்தது.

ஒரு காலை மரக்கறிப் பையோடு அந்தப் படியில் இருந்தவள் எழும்பவில்லை. கீழ்வீட்டுக்காரரும் நானும் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஓடிப்போய் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்கு என்றால் என் கை அதைத்தான் தேடும்.

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். இளம் டொக்டர் பெண் ஒருத்தி வந்து ஃபைலை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"ஐயா, இதெல்லாம் உங்கட. அம்மான்ட எங்க?"

"இல்லை, பிள்ளை."

"ஒண்டுமே இல்லையோ?"

நான் ஃபைலைத் திரும்ப வாங்கி மூடினேன். அன்று மத்தியானமே என் மனைவி போய்விட்டாள். முட்டை மஞ்சளாலா என்று அந்த டொக்டரிடம் கேட்டேன்.

"மஞ்சளை மட்டும் சொல்லேலாது, ஐயா. ஒருக்கா இரத்தம் பாத்திருந்தா, நீங்கள் போடுற குளிசையைத்தான் அம்மாக்கும் எழுதியிருப்பம்."

செத்த வீட்டில், "குடுத்து வைச்சவள், பூவோடயும் பொட்டோடயும் போயிட்டாள்" என்று பெண்கள் சொன்னார்கள். எழும்பி அவர்களை வெளியே போகச் சொல்ல நினைத்தேன். என்ன கொடுத்து வைத்தாள்? கழுத்தில் இருந்ததையும் கையில் இருந்ததையும் எனக்குக் கொடுத்தாள்.

இப்போது கிளினிக்கில் குளிசை திரும்பவும் கிடைக்கிறது. தவறாமல் போடுகிறேன். போடாமல் விட நினைத்த நாட்களும் உண்டு. கொடி நினைவுக்கு வரும், விழுங்கிவிடுவேன். முட்டை அவிப்பதை விட்டுவிட்டேன்.

போன கிழமை கிளினிக்கில் டொக்டர் புது அறிக்கையைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். "நல்ல ரிப்போர்ட். இப்பிடியே போட்டால் இன்னும் இருபது வருஷத்துக்குப் பயமில்லை, ஐயா" என்றார். இருபது வருடம் என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, அவர் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தார்.