தும்மினால்தான் பால்

டிக்கோயா நண்பர்களே, இன்று காலை பொய்யாகத் தும்மித் தும்மிப் பால் கறந்தேன். முழுதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் மாடு லெச்சுமியின் பக்கத்தில் போனாலே என் மனைவி செல்லம்மாவுக்குத் தும்மல் வரும். கண் சிவந்து, கையெல்லாம் தடித்துவிடும். ஆனால் அதே மாட்டின் பால், தயிர், மோர் எதுவும் அவளை ஒன்றும் செய்வதில்லை.

நேற்று அவளுக்கு மூச்சே திணறியது. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா பார்த்துவிட்டு, "பால் குடிக்கலாம்மா, மாட்டத்தான் தொடக்கூடாது" என்றார்.

"தொடாம எப்படிங்கய்யா பால் கறக்குறது?"

"புருசன் எதுக்கு இருக்காரு?"

அதனால் இன்று செம்போடு நான் உட்கார்ந்தேன். லெச்சுமி ஓர் உதை விட்டாள். செல்லம்மா கொழுந்து பறிக்கப் போகையில் போர்த்தும் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். லெச்சுமி அதை மோந்து பார்த்துவிட்டுச் சும்மா நின்றாள். ஆனால் ஒரு சொட்டுப் பால் இறங்கவில்லை.

"இத வித்துப்புடுறேன் பாரு!" என்று கத்தினேன்.

வாசலிலிருந்து செல்லம்மா சொன்னாள்: "அத வித்தீங்கன்னா நானும் அது பின்னாலயே போயிருவேன். ஒருக்கா தும்மிப் பாருங்க. நாலு வருசமா என் தும்மலக் கேட்டுத்தான் அது பால் விடுது."

தும்மினேன். லெச்சுமி காதை மட்டும் ஆட்டினாள். பலமாக இன்னொன்று போட்டேன். செம்பில் பால் சர்ரென்று விழுந்தது. எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலில் நின்று சிரித்தார்கள்.

பால் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே செல்லம்மா குறை சொன்னாள்: "நான் இவ்வளவு அசிங்கமாவா தும்முறேன்?"

பொய்த் தும்மலை லெச்சுமி எத்தனை நாள் நம்புவாளோ. நல்ல மூக்குப்பொடி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள்.